விதைக்கு விட்ட மிளகாய்

1

போன ஆடி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான் இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த நாள். எழுபத்திரண்டில் நர்ஸ் வேலைக்கு என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள். அதை நினைவு வைத்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அவர் பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த தேதி ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். நமக்கு நாமே பாயசம் வைத்துக் குடிப்போம் என்று சேமியாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, கதவுத் துவாரம் வழியாக ஒரு நீலக் கடிதம் விழுந்தது. கோவில்பட்டி முத்திரை. அண்ணன் கையெழுத்து.

அண்ணன் வருடத்துக்கு இரண்டு கடிதம்தான் போடுவார். பொங்கலுக்கு ஒன்று, ஊர்க் கோயில் கொடைக்கு ஒன்று. இது இரண்டிலும் சேராத நேரம். இப்படி நேரம் கெட்ட நேரத்தில் ஊர்க் கடிதம் வந்தால் நாங்கள் முதலில் கடைசி வரியைத்தான் படிப்போம், யாருக்கு என்ன ஆச்சு என்று பார்க்க.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிளகாய்க்குத்தான் ஆகியிருந்தது.

"தங்கச்சி, மூணு வருசமா மழை ஏமாத்திட்டு. முத வருசமும் ரெண்டாம் வருசமும் புழுதியில போட்ட விதை அப்படியே வெந்து போச்சு. பானையில மிச்சம் வச்சிருந்த பழைய விதையைத் துணியில கட்டிப் பார்த்தேன். ஒண்ணுகூட முளைக்கல. ஊர்ல யாருகிட்டயும் இல்ல. குளத்தூர்ப் பக்கம் போயி விசாரிச்சேன், அங்கனயும் இதே கதைதான். கோவில்பட்டிக் கடையில ஆந்திரா விதை விக்கான். அது தண்ணி கேக்கும், உரம் கேக்கும், நம்ம காட்டுல நிக்காது. நீ அங்கன வருசா வருசம் நம்ம மிளகாயைப் போட்டு விதை எடுக்கேன்னு ஒன் மதினி சொன்னா. புரட்டாசி முடியதுக்குள்ள ஒரு கைப்பிடி அனுப்ப முடியுமா? இந்த வருசமும் விட்டுட்டா, காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்கனயாவது வாட்ச்மேன் வேலைக்குத்தான் போகணும்."

வாட்ச், ரேடியோ, டார்ச் லைட் என்று ஊரில் ஆளாளுக்கு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மட்டும் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பேனா கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டிருக்கிறார், அதுவும் விதை. எங்கள் பக்கத்தில் விதை கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது, அதற்குக் காசும் வாங்கக் கூடாது. எனக்கோ சொல்லவே வேண்டாம். கிரீன்ஹவுஸில் எட்டுச் செடி மதமதவென்று நின்றது. பாயசத்தை மறந்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதினேன். "கவலைப்படாதிய அண்ணன், நானாச்சு" என்று.

அந்த "நானாச்சு"தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

2

கரிசல்காட்டு ஆட்களுக்கு எங்கள் மிளகாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரல் நீளம், ஒல்லி உடம்பு, காம்புப் பக்கம் குறுகல், மெல்லிய தோல். ஐப்பசி மழையில் முளைத்து, அப்புறம் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் மார்கழிப் பனியையும் வைத்தே காய்த்துவிடும். தோல் மெலிசு என்பதால் மூன்று வெயிலில் கலகலவென்று காய்ந்துவிடும். காரம் என்றால் அப்படி ஒரு காரம். வறுத்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் லெஸ்டரில் இந்த வீட்டை வாங்கினோம். கொல்லையில் பழைய கிரீன்ஹவுஸ் ஒன்று இருந்தது, நாலு கண்ணாடி உடைந்து. அந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு கை வத்தல் அள்ளிக்கொண்டு வந்தேன். அதிலிருந்துதான் எட்டுச் செடி. இலையுதிர் காலம் வந்ததும் பழத்தைப் பறித்து, காயவைத்து, விதையை எடுத்து, பழைய கடித உறையில் போட்டு, வருடத்தை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பேன். மார்ச்சில் அதை எடுத்து மறுபடி போடுவேன். வருடா வருடம் இதுதான் நடந்தது.

இது என் உடம்புக்குப் பழக ஒரு வருடம் ஆனது. எங்களுக்குப் புரட்டாசி என்றால் விதைப்பு. இங்கே அதே மாதம் எல்லாவற்றையும் பிடுங்கி மூடிவைக்கிற மாதம். முதல் வருடம் அக்டோபர் பிறந்ததும் கை தானாக மண்ணைக் கிளறி விதை போட்டுவிட்டது. பத்தாம் நாள் முளைத்தது, இருபதாம் நாள் பனியில் கருகியது. நல்ல வேளை, பாதி விதையை எடுத்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விதைக்கு எடுப்பது கண்டபடி எடுப்பதில்லை. இரண்டாம் பறிப்பில், இருக்கிறதிலேயே பெரிய பழம், வாளிப்பான பழம், அதைத்தான் காம்பில் நூல் கட்டி விதைக்கு விடுவார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு வருடமும் இருக்கிறதில் பெரிசுக்கு நூல் கட்டினேன். வருடம் ஏற ஏறக் காய் பெருத்துக்கொண்டே வந்தது. தோள் அகன்றது, தோல் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. இந்த ஊர் எருவுக்கு நம்ம மிளகாய் எப்படித் தேறியிருக்கு பார் என்று என் வீட்டுக்காரரிடம் காட்டுவேன். அவர் கயத்தாற்றுக்காரர். "தேறாம என்ன, நீயே தேறிட்டியே" என்பார்.

சாப்பிட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். விதை மிளகாயைக் கடிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. குழம்புக்குக் கடைப்பொடிதான். அதையும் மகளுக்காகக் குறைத்துக் குறைத்து, இப்போது எங்கள் வீட்டுக் குழம்பை ஊரில் யாரும் குழம்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மகள் பெயர் செல்வி. பத்து வயது. தமிழ் புரியும். பதில் இங்கிலீஷில் வரும். நாலு வருடத்துக்கு முன்னால் ஸ்கூல் விழாவில் இரண்டு குடமிளகாய்ச் செடி வாங்கி வந்து, "மம்மி, உன் செடிகிட்ட வைக்கலாமா?" என்று கேட்டாள். தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாராளமா வை என்றேன். அதிலிருந்து வருடா வருடம் என் எட்டுச் செடி ஒரு வரிசை, அவள் செடி ஒரு வரிசை. தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. காயைப் பறித்து உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்பாள்.

3

ஆவணி முக்கால்வாசி போகிற வரை காய் பச்சையாகவே நின்றது. இந்த ஊர் சூரியனுக்கு அவசரம் என்பதே கிடையாது. நான் காலையில் டியூட்டிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை என்று கிரீன்ஹவுஸுக்குள் போய் நின்றேன். செப்டம்பர் இரண்டாம் வாரம்தான் ஒன்றிரண்டு சிவக்க ஆரம்பித்தன.

அனுப்புவது எப்படி? போஸ்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் விதை என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு நம்பர் கொடுத்தாள். அந்த நம்பரில் இன்னொரு நம்பர் கொடுத்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி, செடியில் பூச்சியோ நோயோ இல்லை என்று ஆள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், விண்ணப்பித்தால் ஆறு வாரம் ஆகும் என்றார். ஆறு வாரம் என்றால் ஐப்பசி பாதி ஓடிவிடும். மழை இறங்கிய பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, விதைப்பது எங்கே? எட்டுச் செடியைப் பார்க்க ஓர் அதிகாரியா என்று கேட்டேன். ஒரு செடி என்றாலும் வருவோம் மேடம் என்றார், ரொம்ப மரியாதையாக.

அப்போதுதான் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், தொழிற்சாலையைத்தான் அப்படிச் சொல்வோம், வைத்திருக்கிறவர். அவர் மகன் எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர். பேரன் பிறந்திருக்கிறான் என்று பார்க்க வந்திருந்தார். அக்டோபர் முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை விமானம். போன் செய்தேன்.

"ஒரு பொட்டலம் மிளகாய் விதைதானம்மா? குடு, சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருதேன்" என்றார். சட்டப்படி பார்த்தால் தப்புத்தான். நான் அதை மறைக்கப் போவதில்லை.

செப்டம்பர் இருபதுக்குள் நூல் கட்டிய பழம் எல்லாம் சிவந்துவிட்டது. வெயில் ஏது? பாய்லர் வைத்திருக்கிற அலமாரிக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டேன். விதையைத் தட்டி எடுத்ததில் ஒரு டம்ளர் நிறைய வந்தது. மஞ்சள் மஞ்சளாக, ஒன்றுகூடச் சொத்தை இல்லை. அண்ணாச்சி கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

4

அண்ணாச்சி வேட்டி கட்டி, அதற்குமேல் மகனுடைய குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பாரை மரியாதைக்குச் சாப்பிட்டார். ரசத்தையும் அப்படியே. மோருக்கு வந்ததும் தட்டு ஓரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கடிச்சுக்கிட ஒரு மிளகாய் இல்லையா? நாக்கு செத்துப் போயி மூணு வாரமாச்சு."

நான் ஓடிப்போய் செடியிலிருந்து இரண்டு பறித்துவந்தேன். நம்ம மண்ணு மிளகாய் அண்ணாச்சி, எங்க வீட்டு விதை என்று சொல்லி வைத்தேன். அவர் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார். அப்புறம் முழுசாக வாயில் போட்டு, காம்பை மட்டும் எடுத்து வைத்தார்.

"என்னம்மா இது? பஜ்ஜி மிளகாயால்லா இருக்கு?"

"விளையாடாதிய அண்ணாச்சி."

"விளையாட்டு என்ன விளையாட்டு? நீயே தின்னு பாரு. வெள்ளரிக்காய் கணக்கா இருக்கு. தோலைப் பாரு, என்னா தடிப்பு! இதைக் களத்துல காயப்போட்டா காயுமாம்மா? அழுகிச் சண்டாத்தான் போகும்."

சண்டு என்றால் வெளுத்துப் புள்ளி விழுந்து போகிற வத்தல். சந்தையில் யாரும் தொட மாட்டார்கள். நான் இரண்டாவது மிளகாயைக் கடித்தேன். பல்லில் நீர் தெறித்தது. காரம் எங்கோ தூரத்தில், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு சுருக். அவ்வளவுதான். நான் எழுந்துபோய் எட்டுச் செடியிலும் ஒவ்வொன்று பறித்துக் கடித்தேன். ஒரு செடியில் கொஞ்சம் உறைத்தது. மூன்றில் ஒன்றுமே இல்லை. மற்றதெல்லாம் இரண்டுங்கெட்டான்.

எதிர் வரிசையில் செல்வியின் குடமிளகாய் பச்சைப் பசேலென்று தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு தேனீ. நான் நர்சிங் படித்தவள். பூ, மகரந்தம், கலப்பு எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் எங்கள் ஊரில் நாலு திசையிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே மிளகாய். கலப்பதற்கு வேறொன்று அங்கே இருந்ததே இல்லை. அதனால் கலக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. அதோடு பெரிசு பெரிசாகப் பார்த்து விதைக்கு விட்டேன் அல்லவா? பெரிசு எல்லாம் கலந்ததுதான். ஊர்ச் சாடையில் ஒல்லியாகக் காய்த்ததையெல்லாம் இது தேறாது என்று நாலு வருடமாக நானே கழித்துக் கட்டியிருக்கிறேன்.

என் முட்டாள்தனத்தை நினைத்து அங்கேயே கண்ணாடியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

5

அண்ணாச்சி போன பிறகு வீட்டில் சண்டை.

"இந்தா, கேளு. விதையைக் குடுத்தனுப்பு. ஒரு கடிதாசியில விஷயத்தை எழுதிரு. அங்கன உள்ளவிய பார்த்துக்கிடுவாவ" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னத்தைப் பார்த்துக்கிடுவாவ? போட்டு, களை வெட்டி, மாசியில பறிக்கையிலதான் தெரியும் இது சண்டுன்னு. அதுக்குள்ள ஒரு வருசம் போயிரும். எங்க அண்ணன் ஆந்திரா விதையே வேண்டாம்னுட்டு என்னை நம்பி உக்காந்திருக்காவ."

"அப்போ இல்லைன்னு எழுது."

"இல்லைன்னு எப்படிங்க எழுத? நானாச்சுன்னு எழுதிட்டேனே!"

அந்த நேரம் பார்த்துச் செல்வி உள்ளே வந்தாள். கையில் ஒரு குடமிளகாய், கடித்த மேனிக்கு. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது.

"எல்லாம் ஒன்னாலதாம்ட்டி! ஒன் சனியன் பிடிச்ச குடமிளகாய் வந்துதான் என் செடி நாசமாப் போச்சு!"

பிள்ளை விழித்தாள். அவள் அப்பா விஷயத்தை இங்கிலீஷில் சொன்னார். "நீதானே வைக்கலாம்னு சொன்னே" என்று இங்கிலீஷில் கேட்டாள். அழவில்லை. நேரே கொல்லைக்குப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு குடமிளகாய்ச் செடியாக வேரோடு பிடுங்கி வெளியே எறிகிறாள். காய் இருந்ததையும் சேர்த்து. கடைசிச் செடி வரவில்லை, இரண்டு கையாலும் இழுத்துப் பின்னால் விழுந்தாள்.

நான் போய்த் தூக்கிவிட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத் தமிழில் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. சாரி என்றேன். அவள் முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உன்கிட்ட பழைய பாக்கெட் இருக்குமே மம்மி, என் செடி வர்றதுக்கு முந்தினது?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

விதையைக் கீழே கொட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பிஸ்கட் டின் கொட்டகையில் இருந்தது. இரண்டாம் வருட விதையை முழுக்கப் போட்டுத் தீர்த்திருந்தேன். அடியில், முதல் வருட உறை. ஆறு வருடப் பழசு. உள்ளே இருந்த விதை மஞ்சள் மாறிப் பழுப்பாகியிருந்தது, எண்ணிப் பார்த்தால் முந்நூறு தேறும். ஊர்ச் சூட்டில் மிளகாய் விதைக்கு மூன்று வருடம் ஆயுள். இந்த ஊர்க் குளிரில் எத்தனை வருடமோ, யார் கண்டது? உயிர் இருந்தால் இதுதான் எங்கள் வீட்டு மிளகாய். இல்லையென்றால் எதுவுமே இல்லை.

இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் முடிந்து, பாய்லர் அலமாரிக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்து கார் கிளம்பும்.

திங்கள், செவ்வாய், ஒன்றும் இல்லை. அது சரிதான், அதற்குள் முளைக்காது. புதன் கிழமை வார்டில் மாத்திரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு தப்பான கட்டிலுக்குப் போய் நின்றேன். நல்ல வேளை, கொடுக்கவில்லை. வியாழன், வெள்ளி. செல்வி தினமும் ஸ்கூலுக்குப் போகும்முன் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவாள். நான் விதையை முகர்ந்து பார்த்தேன். அழுகிய வாடை இல்லை. உயிர் இருக்கிற வாடையும் இல்லை. சனிக்கிழமை என் வீட்டுக்காரர், "தொட்டுத் தொட்டுப் பார்த்தா எப்படி முளைக்கும்?" என்று சத்தம் போட்டார்.

6

ஞாயிறு காலை பிரித்தேன். இருபதும் அப்படியே கிடந்தன.

அண்ணாச்சி வீட்டு வாசலில் கார் நின்றது. என் பையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் டம்ளர் நிறைய மொழுமொழுவென்று விதை, போட்டால் நூற்றுக்கு நூறு முளைக்கும், காடு பூராவும் குடமிளகாய்ப் பேரன் பேத்தியாக நிற்கும். இன்னொன்றில் செத்ததோ பிழைத்ததோ தெரியாத பழசு. பெரிய பொட்டலத்தைக் கொடுத்தால் இன்றைக்கு என் மானம் தப்பிக்கும். கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தேன். கூடவே ஒரு கடிதம். நடந்ததை எதுவும் விடாமல் எழுதியிருந்தேன். குடமிளகாய் கலந்தது, பெரிசாகப் பார்த்து நான் விதைக்கு விட்டது, இது ஆறு வருடப் பழசு, முளைக்குமா என்று சத்தியமாகத் தெரியாது என்பது வரை.

அண்ணாச்சி பொட்டலத்தைக் கையில் வைத்து எடை பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி."

"சரி விடு, மொகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே? புதன்கிழமை கோவில்பட்டியில எறங்குனதும் ஆள்விட்டு ஒங்க அண்ணன் கையில சேத்திருதேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாணலியில் கொட்டி வறுத்து மிக்ஸியில் பொடித்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் சீருடை மாட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஒரு கத்தல். "அம்மா! வால் வந்திருக்கு! அம்மா, ரெண்டு வால்!"

அவள் என்னை மம்மி என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அம்மா என்று வந்தது. ஓடினேன். இருபதில் இரண்டுக்கு, அரிசி முனை அளவு வெள்ளை வேர். இருபதுக்கு இரண்டு என்றால் முந்நூறுக்கு முப்பது. நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதித்தேன், அவள் அப்பா பூகம்பம் என்று நினைத்துக் குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

அண்ணன் என் கடிதத்தைப் படித்துவிட்டு நம்பிக்கை இல்லாமல் எங்காவது வைத்துவிட்டால்? டியூட்டிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்க்கொள்ளலாம் என்று தந்தி கொடுக்க ஓடினேன். பழைய விதைக்கு உயிர் இருக்கிறது, நெருக்கிப் போடவும், இதுதான் செய்தி. கவுண்டரில் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

தந்தி என்றால் எங்கள் ஊரில் சாவு என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். தந்திக்காரர் சைக்கிளைக் கண்டதும் மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாளாம். தெருவே கூடிவிட்டதாம். தந்திக்காரர், "ஏத்தா, அழாத, உயிரோட இருக்குன்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லவும், எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல் அரைமணி நேரம் எல்லோரும் முழித்தார்களாம். அண்ணன் எழுதியிருந்தார்.

7

வேர்விட்ட அந்த இரண்டு விதையையும் தொட்டியில் வைத்தோம். கார்த்திகைக்குள் இரண்டும் செத்துவிட்டன. இந்த ஊர் குளிர்கால இருட்டில் எது பிழைக்கும்? ஆக, என்னிடம் இப்போது ஒரு நல்ல விதைகூட இல்லை. பழைய உறை அண்ணனிடம் போய்விட்டது, மற்ற உறைகளில் இருப்பது எல்லாம் கலந்தது.

பொங்கல் கடிதம் வழக்கத்தைவிட நீளமாக வந்தது. "மழை இந்த வருசம் ஏமாத்தல. காட்டுல கம்பு போட்டிருக்கேன். ஒன் விதையைக் கிணத்தடியில தனிப்பாத்தி போட்டு, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். இருபத்தேழு செடி. மொதல் காயை நானே கடிச்சேன். கண்ணுல தண்ணி வந்திட்டு. நம்ம மிளகாய்தான் தங்கச்சி. அடுத்த புரட்டாசிக்குக் காடு பூரா போட்டிருவேன். வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கிடச் சொல்லிட்டேன்."

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரியாத ஆட்களுக்குக்கூட மொழிபெயர்த்துச் சொன்னேன்.

உடனே பதில் போட்டேன். "அண்ணன், எனக்கு ஒரு ஐம்பது விதை போதும். மார்ச்சுக்குள்ள வந்தா இங்கன போட்டிருவேன். இனிமே கிரீன்ஹவுஸ்ல வேற எந்தச் செடியும் வைக்க மாட்டேன். செல்வியே பிடுங்கிப் போட்டுட்டா." விதை என்று எழுதினால் பிடித்துவைத்துக்கொள்வார்கள், வத்தலாகவே அனுப்புங்கள் என்றும் எழுதினேன்.

அதற்குப் பதில் கடிதம் வரவில்லை. பங்குனியில் பார்சலே வந்துவிட்டது. துணி வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை போட்டு, மேலே சமையல் சாமான் என்று எழுதியிருந்தது. அண்ணன் கெட்டிக்காரர் என்று சிரித்துக்கொண்டேன். உள்ளே ஒரு சின்னச் சீட்டு. "ஒனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும். கொழம்புக்கு வச்சுக்கிடுங்க. தீர்ந்தா எழுது, வருசா வருசம் அனுப்புதேன்."

செல்வி முன்னாடியே தயாராக இருந்தாள். மேசைமேல் செய்தித்தாள் விரித்து, எட்டுத் தொட்டியில் மண் நிரப்பி, ஐஸ் குச்சியில் தேதிகூட எழுதி வைத்திருந்தாள். தையலைப் பிரித்ததும் நெடி குப்பென்று வந்து மூன்று பேரும் தும்மினோம். அந்தத் தும்மல் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒல்லியாக, கருஞ்சிவப்பாக, அரைக் கிலோ இருக்கும்.

ஒன்றை எடுத்துக் கிள்ளினேன். உள்ளே காலி. சில வத்தல் அப்படி இருக்கும். இன்னொன்றைக் கிள்ளினேன். அதுவும் காலி. அப்போதுதான் கவனித்தேன், எதிலும் காம்பு இல்லை. செல்வி பத்து எடுத்துக் கீறினாள், நான் இருபது கீறினேன். ஒவ்வொரு வத்தலாக எடுத்து, காம்பைத் திருகி, விதையைத் தட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பார்சலின் தையல் மடிப்பைக்கூட உதறிப் பார்த்தேன். ஒரு விதை இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. கோபமா, அவமானமா என்று தெரியவில்லை. கேட்ட தங்கச்சியிடம் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. கொடுக்கவும் மனசு வரவில்லை. என் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நானே நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேனே. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வி கையில் மிளகாய் எரிச்சல். ஊதிக்கொண்டே எட்டுத் தொட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"மாமா விதை அனுப்ப மறந்துட்டாங்களா அம்மா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"ஆமாம்மா, மறந்துட்டாவ" என்றேன்.

எங்கள் அண்ணன் எதையும் மறக்கிறவர் இல்லை.